ஓசையற்ற நோயும் பழைய கஷாயமும்

கல்லீரலுக்கு வலி தெரியாது. அதன் உட்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. மேலுறை இழுபட்டால் மட்டும் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் தெரியும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்பின் செல்களுக்குள் கொழுப்பு சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டே போனாலும், அதைச் சுமப்பவர் வழக்கம்போல உண்பார், உறங்குவார், வேலைக்குப் போவார். வேறெதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்' என்று ஒரு வரி வந்திருக்கும். அந்த வரியைப் படித்த பிறகுதான் அவர் நோயாளி ஆகிறார்.

சீன மூலிகை மருத்துவம் இந்த நோயைத் தீர்க்குமா என்று கேட்பவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். 'இரண்டாயிரம் ஆண்டு அனுபவம்' என்பதுதான் அந்த மருந்துகளுக்காக முன்வைக்கப்படும் முதல் வாதம். அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது எதைப் பற்றிய அனுபவம் என்று கேட்டாக வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத, நோயாளியே உணராத ஒரு நோயைப் பழங்கால மருத்துவர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும் எப்படிக் கண்டிருப்பார்?

நவீன மருத்துவமே இதைக் கண்டுகொள்ள வெகுகாலம் எடுத்தது. 1980இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோய்க்குறியியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளின் கல்லீரல் திசுக்களை விவரித்துக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். நுண்ணோக்கியின் கீழே அந்தத் திசுக்கள் பல்லாண்டு குடித்தவர்களின் கல்லீரலைப் போலவே இருந்தன: கொழுப்பு, அழற்சி, சிலவற்றில் தழும்பு. ஆனால் அந்த 20 பேரும் மதுவுக்கு அடிமைப்பட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் உடல் பருமனானவர்கள், பலருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. இதுவரை பெயரிடப்படாத நோய் என்றே அந்தக் கட்டுரை அறிவித்தது. அதன் பெயர் 2023இல் மறுபடி மாற்றப்பட்டது. உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு பிணைந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்பதே இப்போது உலகக் கல்லீரல் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட பெயரின் பொருள்.

சாப்பிட்ட எண்ணெய் நேரே கல்லீரலில் போய்த் தங்கிவிடுகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். 2005இல் வெளியான ஓர் ஆய்வு, தடம் காணக்கூடிய மூலக்கூறுகளை நோயாளிகளுக்குக் கொடுத்து, பிறகு கல்லீரல் திசுவை எடுத்துச் சோதித்தது. அங்கே சேர்ந்திருந்த கொழுப்பில் 59 விழுக்காடு ரத்தத்தில் மிதந்து வந்த கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்தது. அதாவது தொப்பையும் இடுப்பும் கசியவிட்ட கொழுப்பு. 26 விழுக்காடு, சர்க்கரையிலிருந்தும் மாவுப்பொருளிலிருந்தும் கல்லீரல் தானே தயாரித்துக்கொண்டது. உணவுக் கொழுப்பின் நேரடிப் பங்கு 15 விழுக்காடுதான். இன்சுலினின் கட்டளைக்கு உடல் செவிசாய்க்காமல் போவதுதான் முதலிரண்டுக்கும் வேர். கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று யார் எதைக் கொடுத்தாலும், அது இந்த வேரைத் தொடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சீனாவில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2019இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று மதிப்பிட்டது. மிதிவண்டியில் வேலைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் காரில் போகத் தொடங்கி, தட்டில் இறைச்சியும் எண்ணெயும் கூடிய நாற்பது ஆண்டுகளில் நடந்தது இது. இவர்களில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு கொழுப்பாகவே நின்றுவிடும். சிலருக்கு மட்டும் அழற்சி மூண்டு, தழும்பு படிந்து, கல்லீரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் வரை, புற்றுநோய் வரை போகும். யார் அந்தச் சிலர் என்று தொடக்கத்தில் சொல்வது கடினம்.

சீனாவில் நோயாளிக்கு முன்னால் நவீன மருத்துவம், மரபு மருத்துவம் என்று இரண்டு வாசல்கள் உண்டு. மரபு மருத்துவத்தை மாவோவின் அரசு நாட்டின் அதிகாரப்பூர்வ மருத்துவ அமைப்புக்குள் கொண்டுவந்தது. 1956இல் பெய்ஜிங், ஷாங்ஹாய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. ஆகவே சீன மரபு மருத்துவமனை என்றவுடன் மூங்கில் தட்டிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் முதியவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஷாங்ஹாயின் ஷுகுவாங் போன்ற மருத்துவமனைகளில் ஸ்கேன் உண்டு, ரத்தப் பரிசோதனைக் கூடம் உண்டு. மருத்துவர் கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற நொதியின் அளவைப் பார்ப்பார், நோயாளியின் நாக்கையும் பார்ப்பார், இரு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல்களை வைத்து நாடியும் பார்ப்பார்.

நாக்கு தடித்து, ஓரங்களில் பல் பதிந்த தடம் தெரிந்து, மேலே வழவழப்பான வெள்ளைப் படிவு இருந்தால் மண்ணீரல் தளர்ந்து ஈரம் தேங்கியிருக்கிறது என்பார். சீன மருத்துவம் மண்ணீரல் என்று சொல்வது உணவைச் செரித்து உடலாக மாற்றும் ஆற்றல் முழுவதையும் சேர்த்துத்தான். அந்த ஆற்றல் குறைந்தால் உண்டது முழுதும் உருமாறாமல் ஈரமாகத் தேங்கும், ஈரம் கெட்டிப்பட்டுச் சளியாகும், சளி வழியடைத்தால் ரத்தமும் தேங்கும். மனவருத்தம் கல்லீரலின் ஓட்டத்தைத் தடுத்து இதையெல்லாம் விரைவுபடுத்தும். உண்பதற்கும் செலவழிப்பதற்கும் உள்ள கணக்கு தவறிப்போனதால் வரும் நோய் என்ற நவீன விளக்கத்தோடு இது ஓரளவு ஒத்துப்போவது தற்செயலாகத் தோன்றவில்லை எனக்கு. மந்தமான உடலையும் பருத்த வயிற்றையும் நீண்டகாலம் கவனித்தவர்களின் வர்ணனை அது. ஆனால் வர்ணனை எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது சான்றாகிவிடாது.

மருந்துக்கு வருவோம். கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில், கிழக்கு ஹான் பேரரசு சிதைந்துகொண்டிருந்தபோது வாழ்ந்தவர் ஜாங் ஜொங்ஜிங். கொள்ளைநோயில் தன் உறவினர்கள் பலரைப் பறிகொடுத்த பிறகு மருத்துவத்தில் இறங்கியவர். அவர் தொகுத்த கஷாயங்கள் இன்றும் கிழக்காசியா முழுவதும் காய்ச்சப்படுகின்றன. அவற்றுள் லிங் குய் ஜு கான் என்ற கஷாயம் இன்று கொழுப்புக் கல்லீரலுக்குத் தரப்படுகிறது. அதில் நான்கே சரக்குகள்: பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் என்ற காளான், இலவங்கப்பட்டை மரத்தின் சிறு கிளை, பைஜு என்ற கிழங்கு, அதிமதுரம். ஜாங் இதை எழுதியது நெஞ்சிலும் விலாவிலும் நீர் கட்டி, தலைசுற்றலோடு வருபவர்களுக்கு. கொழுப்பு படிந்த கல்லீரலை அவர் பார்த்ததில்லை.

இன்னொரு கஷாயமும் அவருடையது: யின்சென் என்ற மாசிப்பச்சை இனச் செடியோடு கார்டினியா காயும் ரேவல்சின்னியும் சேர்ந்தது. அது மஞ்சள் காமாலைக்கானது. இங்கே நிலைமை வேறு. காமாலை கண்ணில் தெரியும், தோலில் தெரியும், சிறுநீரில் தெரியும். மருந்து கொடுத்தபின் மஞ்சள் வடிகிறதா என்று நாள்தோறும் பார்க்க முடியும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சிங்ஹாவ் என்ற செடியைக் காய்ச்சலுக்குத் தரலாம் என்று நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பிலிருந்து ஒரு துப்பு எடுத்துத்தான் தூ யூயூ 1970களின் தொடக்கத்தில் ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவின் குளிர்நடுக்கத்தை யாரும் காணாமல் இருக்க முடியாது, அது தணிந்தாலும் யாவருக்கும் தெரியும். விரைவில் வெளிப்பட்டு விரைவில் அடங்கும் நோய்களில் மரபின் கண் கூர்மையாக இருக்கிறது. ஓசையின்றி இருபது ஆண்டுகள் வளரும் நோயில் அந்தக் கண்ணுக்குப் பார்க்க எதுவுமே இல்லை.

ஆகவே இன்று கொழுப்புக் கல்லீரலுக்குத் தரப்படும் சீன மருந்துகள் பழைய சரக்குகளைக் கொண்டு புதிதாகக் கட்டப்பட்டவை. ஹுவாஜி ரோகான் என்ற துகள் மருந்து சீனாவில் இதற்கென்றே விற்பனையாகிறது. அதில் 16 சரக்குகள். செரிமானத்துக்குப் பெயர்போன ஷான்ஷா என்ற செந்நிறக் காய், நீரை இறக்கும் ட்ஸெஷியே கிழங்கு, யின்சென், ரேவல்சின்னி, அதிமதுரம் ஆகியவற்றோடு தமிழர் நன்கறிந்த இரண்டும் இருக்கின்றன. ஒன்று தகரை இனத்து விதை. மற்றொன்று மொஹான்லியன், அதாவது நம் வரப்போரத்துக் கரிசலாங்கண்ணி. காமாலைக்குக் கரிசலாங்கண்ணி தரும் சித்த மருத்துவமும், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் ஊட்டும் என்று அதே செடியைத் தரும் சீன மருத்துவமும் ஒரே இடத்தைத் தொடுவது வியப்பளிக்கிறது. இப்படிப்பட்ட ஒற்றுமைகளை ஆய்வாளர்கள் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். சோதிப்பதற்கு எங்கே தொடங்கலாம் என்று அவை காட்டுகின்றன.

சோதித்தார்களா? நிறையவே சோதித்திருக்கிறார்கள். மருத்துவச் சோதனைகளைத் தேடித் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் கொழுப்புக் கல்லீரலுக்கான மூலிகை மருந்துகளை ஆராய்ந்தது. 77 சோதனைகள், 6,753 நோயாளிகள். மிகப் பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை. பலவற்றில் எஸ்ஜிபிடி குறைந்தது, ஸ்கேனில் கல்லீரலின் தோற்றம் தெளிந்தது. ஆனாலும் தொகுப்பாளர்கள் முடிவு எதையும் உறுதியாகச் சொல்ல மறுத்துவிட்டார்கள். எல்லாச் சோதனைகளிலுமே சார்பு நுழைவதற்கான வழிகள் திறந்திருந்தன என்பது அவர்கள் சொன்ன காரணம். நோயாளிகளை எப்படிப் பிரித்தார்கள், யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்குத் தெரியுமா, இடையில் விலகியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கெல்லாம் விடை இல்லை, அல்லது இருந்த விடை நம்பும்படி இல்லை.

இதை மேற்கத்திய மருத்துவத்தின் காழ்ப்பு என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். அது சரியல்ல. சீன ஆய்வாளர்களே தங்கள் வீட்டைச் சோதனை போட்டிருக்கிறார்கள். குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்ததாகச் சொல்லிச் சீன இதழ்களில் வெளிவந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றை எழுதியவர்களையே தொலைபேசியில் அழைத்து, உண்மையில் எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டது செங்டுவைச் சேர்ந்த ஒரு குழு. 2009இல் அதன் முடிவு வெளியானது. முறையாகப் பிரித்தவை பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. அதற்கு முன்பே, 1998இல், ஒரு பிரிட்டிஷ் ஆய்வு நாடுவாரியாகக் கட்டுரைகளைத் திரட்டியது. சீனாவில் வெளியான சோதனைகளில் 99 விழுக்காடு, சோதித்த சிகிச்சை வென்றதாகச் சொன்னது தெரியவந்தது. இங்கிலாந்தில் அது 75. எல்லாமே வெல்லும் இடத்தில் எது உண்மையில் வென்றது என்று அறிய வழியில்லாமல் போகிறது. நல்ல மருந்து ஒன்று அந்த 99க்குள் இருந்தால் அதற்கு இழைக்கப்படும் அநியாயம் இதுதான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? எஸ்ஜிபிடி குறைந்தால் போதாதா? போதாது. கல்லீரல் செல் சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் நொதி அது. இந்த நோயில் அது தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். தழும்பு முற்றிய கல்லீரலிலும் அது இயல்பாக இருக்கலாம். ஆய்வில் சேர்ந்த நோயாளியிடம் நடங்கள், இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லப்படுகிறது. மாதாமாதம் எடை பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அவரும் கவனமாகத்தான் இருப்பார். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கணிசமானவர்களுக்குக் கல்லீரல் தேறிவிடுவதை நவீன மருந்துகளின் சோதனைகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

இந்தப் பாடத்தைக் கற்பித்ததும் சீன மருந்துப் பெட்டியிலிருந்து வந்த ஒரு பொருள்தான். கரடியின் பித்தத்தைக் காய்ச்சலுக்கும் கல்லீரல் நோய்க்கும் டாங் பேரரசுக் காலத்திலிருந்து சீன மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். 1920களில் ஜப்பானின் ஒகாயாமாவில் ஆய்வாளர்கள் அதிலிருந்து உர்சோடியாக்ஸிகோலிக் அமிலத்தைப் படிகமாக்கினார்கள். இன்று அதற்குக் கரடி தேவையில்லை, வேதி முறையில் செய்துவிடுகிறார்கள். பித்தநாளங்களை உடலே தாக்கியழிக்கும் ஒருவகைக் கல்லீரல் நோயில் அது உயிர் காக்கும் மருந்தாகவே ஆகிவிட்டது. பாதுகாப்பானது, பழமையான சான்று உடையது, எஸ்ஜிபிடியையும் குறைக்கிறது. கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கும் கைகொடுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 166 நோயாளிகளைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அமிலத்தையும் மறுபாதிக்கு மருந்துப்போலியையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. நொதிகள் குறைந்தன, கொழுப்பும் குறைந்தது, இரண்டு குழுக்களிலும்! மருந்துக்கும் போலிக்கும் வேறுபாடே இல்லை. மருந்துப்போலிக் குழு இல்லாமல் அந்தச் சோதனை நடந்திருந்தால் மாபெரும் வெற்றி என்று உலகம் கொண்டாடியிருக்கும். இந்தியாவில் இன்றும் இந்த மாத்திரை கொழுப்புக் கல்லீரலுக்கு எழுதித் தரப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சான்றைப் பொருட்படுத்தாமை கஷாயம் காய்ச்சுபவர்களோடு நின்றுவிடுவதில்லை.

இப்போது நம்பிக்கை தரும் பக்கம். ஹுவாங்லியன் என்ற செடியின் வேர்த்தண்டு உள்ளே பளீரென்ற மஞ்சளாக, நாக்கில் வைக்க முடியாத கசப்போடு இருக்கும். அந்த நிறமும் கசப்பும் பெர்பெரின் என்ற மூலக்கூறுடையவை. நம் மரமஞ்சளிலும் இருப்பது அதுவே. வயிற்றுப்போக்குக்கு மலிவான மாத்திரையாகச் சீனாவில் பல பத்தாண்டுகளாகப் பெர்பெரின் விற்கப்படுகிறது. 2004இல் பெய்ஜிங்கைச் சேர்ந்த ஜியாங் ஜியான்டோங்கின் குழு, அது ரத்தக் கொலஸ்டிராலைக் குறைப்பதையும், கல்லீரல் செல்கள் கொலஸ்டிராலை ரத்தத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளைப் பெருக்குவதன் வழியே அப்படிச் செய்வதையும் காட்டியது. கொலஸ்டிராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரைகளும் இந்த ஏற்பிகளைப் பெருக்கினாலும், பெர்பெரின் அதை வேறு வழியில் செய்வதால் உலகம் திரும்பிப் பார்த்தது. செல்லின் ஆற்றல் உலையை இது இலேசாகத் தடுக்கிறது. ஆற்றல் குறைவதை உணரும் செல், கொழுப்பைக் கட்டும் வேலையை நிறுத்திவிட்டு எரிக்கும் வேலையைத் தொடங்குகிறது. உட்கொண்டதில் மிகச் சிறு பங்கே ரத்தத்துக்குப் போவதால், குடலிலுள்ள நுண்ணுயிர்கள் வழியாகவும் இது வேலை செய்யக்கூடும் என்று கருதப்படுகிறது.

ஷாங்ஹாயில் 184 கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளிடம் 16 வாரங்கள் இதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். கல்லீரல் கொழுப்பை ஸ்கேன் படத்தைக் கண்ணால் பார்த்து ஊகிக்காமல், காந்த ஒத்ததிர்வு முறையில் அளந்தது இந்தச் சோதனையின் சிறப்பு. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மட்டும் மேற்கொண்டவர்களுக்குக் கொழுப்பு 36.4 விழுக்காடு குறைந்தது. அவற்றோடு நாளுக்கு மூன்று வேளை அரை கிராம் பெர்பெரினும் சேர்த்தவர்களுக்கு 52.7 விழுக்காடு. யார் என்ன சாப்பிடுகிறார் என்பது மறைக்கப்படவில்லை என்ற குறை உண்டு. இந்த எண்களில் என்னை அதிகம் நிறுத்தியது முதலாவது எண்தான். குறைந்த கொழுப்பின் பெரும்பகுதியை மாத்திரையே இல்லாமல் குறைக்க முடிந்திருக்கிறது.

அடுத்த படியில் அந்தக் குறையும் நீங்கியது. பெர்பெரினையும், மேலே பார்த்த அந்தப் பித்த அமிலத்தையும் ஒரே உப்பாகப் பிணைத்து, கொழுப்புக் கல்லீரலும் சர்க்கரை நோயும் உள்ள ஏறத்தாழ 100 பேரிடம் மருந்துப்போலியோடு ஒப்பிட்டு 18 வாரங்கள் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. உயர்ந்த அளவு எடுத்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு சராசரியாக 4.8 புள்ளிகளும், போலி எடுத்தவர்களுக்கு 2 புள்ளிகளும் இறங்கின. வயிற்றுப்போக்கு சிலரைத் தொந்தரவு செய்தது. சிறிய சோதனை, தழும்பு குறையுமா என்பதற்கு இன்னும் விடையில்லை. ஆனாலும் இது நேர்மையான சான்று. இவ்வளவு வழங்கிய செடிக்கும் ஆபத்து உண்டு என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் அறிவார்கள். பச்சிளங்குழந்தைகளுக்குக் கடும் காமாலை வந்ததைத் தொடர்ந்து 1978இல் அங்கே பெர்பெரின் தடைசெய்யப்பட்டது. 2010களில்தான் தடை தளர்ந்தது.

ஜாங் ஜொங்ஜிங்கின் நான்கு சரக்குக் கஷாயமும் முறையான சோதனைக்கு வந்துவிட்டது. எடை மிகுந்த, மண்ணீரல் தளர்ந்தவர்கள் என்று மரபு முறையில் கண்டறியப்பட்ட 243 நோயாளிகளிடம் 12 வாரங்கள், நிறைந்த அளவு, குறைந்த அளவு, மருந்துப்போலி என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, நிறைந்த அளவு குடித்தவர்களில் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தவர்கள் போலிக் குழுவைவிட அதிகம். மரபின் நோய்க்கணிப்பையும் விடாமல், நவீனச் சோதனையின் கண்டிப்பையும் விடாமல் செய்த இம்மாதிரி முயற்சிகள்தாம் சீன மருத்துவத்துக்கு உண்மையான மரியாதை. அவை இன்னும் மிகச் சிலவே.

இனி இன்னொரு ஓசையின்மை. நோய் மட்டும் மௌனமாக வளர்வதில்லை. மருந்தின் தீங்கும் அப்படி வளரலாம்.

1990 முதல் 1992 வரை பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க வைக்கும் ஒரு சிகிச்சை நிலையத்தில் சீன மூலிகைப் பொடி தரப்பட்டது. அதில் இருக்க வேண்டிய ஒரு செடிக்குப் பதிலாக, சீனப் பெயரில் அதைப் போலவே ஒலிக்கும் அரிஸ்டோலோக்கியா என்ற வேறு இனச் செடி கலந்துபோனது. அதைச் சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் சுருங்கிச் செயலிழந்தன. 1993இல் பெல்ஜிய மருத்துவர்கள் முதல் தகவலை வெளியிட்டார்கள், பின்னர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பழுதான சிறுநீரகங்களும் சிறுநீர்க் குழாய்களும் முன்னெச்சரிக்கையாக அகற்றப்பட்ட 39 பேரில் 18 பேருக்கு அங்கே புற்று இருந்தது 2000இல் தெரியவந்தது. அரிஸ்டோலோக்கிய அமிலம் மரபணுவில் தனக்கே உரிய தழும்பை விட்டுச்செல்லும். தைவானில் 98 கல்லீரல் புற்றுக்கட்டிகளின் மரபணுவைப் படித்த ஆய்வு, அவற்றில் 78 விழுக்காட்டில் அந்தத் தழும்பைக் கண்டு 2017இல் அறிவித்தது. சீன மருந்துப் பெட்டியில் அரிஸ்டோலோக்கியா இனச் செடிகள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. குடித்தவருக்குப் புற்று வர ஆண்டுக்கணக்கில் ஆகும்போது, கஷாயத்தையும் புற்றையும் இணைத்துப் பார்க்க எந்த வைத்தியரால் முடியும்? நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் இதே இனம், இதே அமிலம் கொண்டது. தமிழ் வாசகர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

ஜப்பானில் நடந்தது வேறு வகை. ஜாங் ஜொங்ஜிங்கின் மற்றொரு கஷாயமான ஷோ சைகோ தோ அங்கே நாட்பட்ட கல்லீரல் அழற்சிக்காக லட்சக்கணக்கானோருக்குக் காப்பீட்டிலேயே தரப்பட்டது. நுரையீரல் திசு அழற்சியால் 10 பேர் இறந்ததாகத் தகவல் வந்ததும் 1996 மார்ச்சில் அரசு அவசர எச்சரிக்கை விடுத்தது. இன்டர்ஃபெரான் ஊசியோடு சேர்த்துத் தருவது அதற்கு முன்பே தடுக்கப்பட்டிருந்தது. மருந்தின் அளவு சீராக்கப்பட்டிருந்ததாலும், மருத்துவர்கள் எழுதித் தந்ததாலும், தீங்கு நேர்ந்தால் அரசுக்குச் சொல்லும் ஏற்பாடு இருந்ததாலும் இது வெளியே தெரிந்தது. அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் இறந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

கொழுப்புக் கல்லீரலுக்கான பல கலவைகளில் ஹெஷௌவு என்ற கிழங்கு சேர்கிறது. நரையைக் கருக்க வைக்கும் என்று புகழ்பெற்றது, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்றும் சொல்வார்கள். கறுப்பு மொச்சைச் சாற்றில் வேகவைத்துப் பக்குவப்படுத்தித் தர வேண்டும் என்பது மரபு. பச்சையாகத் தந்தால் தீங்கு அதிகம். பக்குவப்படுத்தியதும் சிலரின் கல்லீரலை அழித்திருக்கிறது. 2006இல் பிரிட்டனும் 2014இல் சீன அரசும் எச்சரித்தன. குறிப்பிட்ட ஒரு நோய் எதிர்ப்பு மரபணு வகையைச் சுமப்பவர்களுக்கே இந்த ஆபத்து பன்மடங்கு என்று 2019இல் சீன ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். ஊரில் பலர் குடித்து நலமாக இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் கல்லீரல் செயலிழப்பதன் காரணம் இதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்கு உத்தரவாதம் அல்ல.

மருந்தால் நேரும் கல்லீரல் சேதம் பற்றிச் சீனாவின் 308 மருத்துவமனைகளில் 25,927 நோயாளிகளைத் திரட்டிய பெரிய ஆய்வும் 2019இல்தான் வெளியானது. மரபு மருந்துகளும் மூலிகைச் சத்துப்பொருள்களும் 26.8 விழுக்காட்டோடு முதலிடம். காசநோய் மருந்துகள் 22 விழுக்காட்டோடு அடுத்த இடம். மூலிகைகளைக் கோடிக்கணக்கானோர் குடிக்கும் நாடு அது என்பதால், மூலிகை ஒவ்வொன்றும் காசநோய் மாத்திரையைவிடக் கொடியது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆனால் தாவரம் என்பதாலேயே தீங்கற்றது என்ற நம்பிக்கைக்கு இந்த எண்ணிக்கையில் இடமே இல்லை. குடலில் உறிஞ்சப்படுபவற்றில் பெரும்பாலானவை முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அங்குள்ள நொதிகள் அந்நிய மூலக்கூறுகளை உடைத்து வெளியேற்றும்போது, உடைந்த துண்டு சில வேளைகளில் முழு மூலக்கூறைவிட நச்சாக இருக்கும். 16 சரக்குக் கஷாயத்தில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் ஏற்கெனவே நலிந்த கல்லீரலுக்கு வந்து சேருகின்றன.

சான்றுள்ள வழி எது? கியூபாவின் ஹவானாவில் 293 நோயாளிகளுக்கு ஓராண்டு உணவுமுறையும் நடையும் கற்பித்து, முன்னும் பின்னும் கல்லீரல் பயாப்சி எடுத்தார்கள். எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி முழுவதும் அடங்கியது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. அவ்வளவு குறைக்க முடிந்தவர்கள் 293 பேரில் 29 பேர்தான் என்பது அதே ஆய்வு சொல்லும் கசப்பான உண்மை. அதனால்தான் மருந்து வேண்டியிருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்கா ஒப்புதல் தந்த ரெஸ்மெட்டிரோம் இந்த நோய்க்கென அங்கே வந்த முதல் மாத்திரை. 966 பேரிடம் பயாப்சியோடு நடந்த சோதனையில், உயர்ந்த அளவு எடுத்தவர்களில் 29.9 விழுக்காட்டினருக்கும் போலி எடுத்தவர்களில் 9.7 விழுக்காட்டினருக்கும் அழற்சி நீங்கியது. பத்தில் மூவர். ஹுவாங்லியனோ லிங் குய் ஜு கானோ இதே சோதனைக்கு, இதே பயாப்சிக்கு உட்பட்டு இதைவிட நல்ல எண்ணிக்கையைத் தந்தால் அதை முதலில் வரவேற்பவர்களில் நானும் இருப்பேன்.

அதுவரை, ஸ்கேனில் அந்த வரி வந்திருப்பவர்கள் தழும்பு எந்த அளவு என்று அறியும் ஃபைப்ரோஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எடை அதிகமிருந்தால் ஏழு முதல் பத்து விழுக்காடு குறைப்பதை இலக்காக வையுங்கள். மூலிகை எதையேனும் எடுத்துக்கொண்டிருந்தால், சீன மருந்தானாலும் சித்த மருந்தானாலும், பொட்டலத்தையே கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள், மறைக்காதீர்கள். உள்ளே என்னென்ன சரக்கு என்று எழுதாத எதையும் வாயில் வைக்காதீர்கள். குடிக்கத் தொடங்கிய பின் பசி அற்றுப்போனாலோ, உடல் அரித்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய் எஸ்ஜிபிடியும் பிலிருபினும் பார்த்துவிடுங்கள். கல்லீரல் வாய்திறந்து சொல்லும் அறிகுறிகள் இப்படிச் சிலவே, அவையும் தாமதமாகவே வருகின்றன.